கூட்டா, பங்கா, தனிப்பெயரா? வீட்டில் பெயர் போடும் முன் பார்க்க வேண்டியவை

"அண்ணே, லாயர் ஆபீசில் ஒரு தாளை நீட்டி ஜாயிண்ட்டா காமனான்னு கேட்டாங்க. ஜாயிண்ட்டுன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் நாலறை மறுவிற்பனை வீடு வாங்கிய ஒரு தம்பி கையெழுத்துப் போட்ட மறுநாள் என்னிடம் கேட்டது. வீட்டின் தளம், திசை, ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று எட்டு மாதம் அலசியவர். அந்த வீடு யாருடையது என்பதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அந்தத் தாளை அவசரமாக நீட்டியவர்களில் நானும் ஒருவன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'டெனன்சி' என்ற சொல்லைக் கேட்டதும் பலர் வாடகை என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே வாடகைக்கு வேலையே இல்லை. 'ஜாயிண்ட் டெனன்சி' என்றால் எல்லாரும் சேர்ந்து ஒரே உரிமையாளர்போல வீட்டை வைத்திருப்பது. இதைக் கூட்டுரிமை என்று சொல்கிறேன். 'டெனன்சி இன் காமன்' என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு குறித்து வைத்திருப்பது. இது பங்குரிமை. மூன்றாவது, ஒருவர் பெயரில் மட்டும் வீடு. மற்றவர், அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கணக்கில் குடியிருப்பவர். இதைத் தனியுரிமை எனலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். நாளைக்கே ஒருவர் இறந்தால் வீடு யாருக்குப் போக வேண்டும்? யார் எவ்வளவு பணம் போட்டார்கள், அது பதிவில் தெரிய வேண்டுமா? பெயர் போடுகிறவர்களில் யாராவது பின்னால் இன்னொரு வீடு வாங்குவாரா? மணமுறிவு, கடன், மறதி நோய் என்று ஏதாவது வந்தால் வீடு சிக்குமா?

பெரும்பாலானோர் மூன்றாவது கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் அதில் வரி இருக்கிறது. முதல் கேள்வியில் ஆரம்பியுங்கள் என்பேன். வரிக் கணக்கில் தப்பினால் பணம் போகும். முதல் கேள்வியில் தப்பினால், இறந்தவர் யாருக்குக் கொடுக்க நினைத்தாரோ அவருக்கு வீடு போகாது, அதைத் திருத்த அவரும் இருக்கமாட்டார்.

## இப்போது என்ன இருக்கிறது? வில்லங்கம் பார்ப்பது

ஊரில் ஒரு மனை வாங்குவதென்றால் மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் என்று அலைவோம். ஒவ்வொரு பத்திரமும் முந்தையதோடு ஒட்டுகிறதா என்று சங்கிலி பிடித்துப் போக வேண்டும். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1956இல் வந்த நில உரிமைச் சட்டம் அதை மாற்றியது. ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் முறையைத் தழுவியது அது. அதன்படி பதிவேடே உரிமை. மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை.

அந்தப் பதிவேட்டைச் சிங்கப்பூர் நில ஆணையம் வைத்திருக்கிறது. அதன் 'இன்லிஸ்' இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்துச் சிறு கட்டணம் கட்டினால் எவர் வீட்டின் பதிவையும் யாரும் பார்க்கலாம். உரிமையாளர் பெயர், கூட்டுரிமையா பங்குரிமையா, பங்கு என்றால் எத்தனைக்கு எத்தனை, நிரந்தர உரிமையா 99 வருடக் குத்தகையா, குத்தகை எந்தத் தேதியில் தொடங்கியது, வங்கி அடமானம், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் (மசேநிதி) பொறுப்புரிமை, 'கேவியட்' எனும் எச்சரிக்கைப் பதிவு எல்லாம் தெரியும். வீவக வீட்டுக்காரர்கள் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக 'மை எச்டிபி பேஜ்' போனால் தங்கள் வீட்டு விவரத்தை அங்கேயே பார்க்கலாம்.

99 வருடம் என்பது குத்தகை தொடங்கிய நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மீதிக் குத்தகை, வாங்குவோரில் இளையவரின் 95 வயதுவரை வராவிட்டால் மசேநிதிப் பணத்தை எடுப்பதற்கு வரம்பு விழும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

பதிவேடு சொல்லாதவையும் உண்டு. முன்பணம் யார் கையிலிருந்து வந்தது என்று அதில் இருக்காது. உயில் இருக்கிறதா என்றும் இருக்காது. தரை வீட்டின் முன்பக்கத்தில் சாலை விரிவாக்கத்துக்குக் கோடு போட்டிருக்கிறார்களா என்பதை உங்கள் வழக்கறிஞர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போது பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா அம்மா பெயரில் பத்து வருடத்துக்கு முன் போட்ட வீட்டையும் ஒருமுறை பாருங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

## கூட்டுரிமை

இதன் உயிர்நாடி ஒன்றுதான். ஒருவர் இறந்தால் அவர் உரிமை, உயிரோடு இருக்கும் மற்றவருக்குத் தானாகப் போய்விடும். இறப்புச் சான்றிதழோடு ஒரு விண்ணப்பம் போதும். நீதிமன்றத்துக்குப் போய் உயிலுக்கு ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. கணவன் போன துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அதே விதிதான் வேறு குடும்பங்களில் கத்தியாக மாறுகிறது. தோ பாயோவில் ஓர் அம்மா. கணவர் இறந்தபின் வீவக வீட்டில் மூத்த மகன் பெயரையும் சேர்த்தார். மாதத் தவணை கட்ட ஆள் வேண்டும் என்பதற்காக. பிறகு வேறோர் அலுவலகத்தில் அழகாக ஓர் உயில் எழுதினார். வீட்டில் தன் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமம் என்று. அவர் இறந்தபின் இளைய மகள் அந்த உயிலை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு எடுத்து வந்தார். இரண்டு பக்கம், இரண்டு சாட்சி, எல்லாம் முறைப்படி. நான் வீட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெயர்களுக்குக் கீழே 'ஜாயிண்ட் டெனண்ட்ஸ்' என்று இருந்தது. உயிலில் சொன்ன "என் பங்கு" என்ற ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை. அம்மாவின் மூச்சு நின்ற கணத்தில் முழு வீடும் மூத்தவருடையது. உயில் எழுதித் தந்தவர்கள் பதிவை எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கூட்டுரிமையை உயிலால் உடைக்க முடியாது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. முஸ்லிம்களின் சொத்து ஃபராயிழ் எனும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி வாரிசுகளுக்குப் பிரியும். ஆனால் கூட்டுரிமையில் உள்ள வீடு, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் சேராது, உயிரோடு இருப்பவருக்கே போகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஃபராயிழ் வழியில்தான் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், பெயர் போடும் முன்பே முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்திடமும் வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பதிவில் தெரியாது. தனியார் வீடாக இருந்து உரிமையாளரில் ஒருவர் திவாலானால் கூட்டுரிமை முறிந்து, அவர் பங்கு திவால் அதிகாரியிடம் போகும். வீவக வீட்டில் உரிமையாளரில் ஒருவராவது சிங்கப்பூரராக இருந்தால் அந்த ஆபத்து இல்லை.

## பங்குரிமை

இங்கே உங்கள் பங்கு உங்களுடையது. பாதிக்குப் பாதியாக இருக்கலாம், 70க்கு 30ஆக இருக்கலாம். இறந்தால் உங்கள் உயில் சொல்கிறபடி போகும். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கும் வீடு, மறுமணத்தில் இரு பக்கமும் பிள்ளைகள் உள்ள வீடு, பெற்றோர் பெரும்பணம் போட்டு மகனோடு வாங்கும் வீடு ஆகியவற்றுக்கு இதுதான் பொருந்தும்.

ஆனால் பங்குரிமை எடுத்துவிட்டு உயில் எழுதாமல் இருப்பது, கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி. ஒரு கணக்கு போடுவோம். கடன் அடைந்த வீடு, மதிப்பு 600,000 வெள்ளி, கணவன் மனைவி பாதிக்குப் பாதி. கணவர் உயில் எழுதாமல் இறக்கிறார், இரண்டு பிள்ளைகள். அவர் பங்கான 300,000 வெள்ளியில் மனைவிக்குப் பாதி, 150,000. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 75,000. பிள்ளைகள் 21 வயதுக்குக் கீழே என்றால் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் குறைந்தது இருவரை நியமிக்க வேண்டும். அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. கூட்டுரிமையாக இருந்திருந்தால் அவருக்கு முழு வீடும் ஒரே விண்ணப்பத்தில் வந்திருக்கும்.

பிள்ளைகள் இல்லை, கணவரின் அப்பா அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர் பங்கில் பாதி அவர்களுக்கு. அவர்கள் சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ இல்லாததால் வீவக வீட்டில் உரிமையாளராக முடியாது. மருமகள் அந்தப் பங்குக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், அல்லது வீட்டை விற்க வேண்டும். இந்த உயிலில்லா வாரிசுச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது.

அடுத்து 99க்கு 1. காப்பிக்கடைப் பேச்சில் இது ஒரு மந்திரம்போல ஆகிவிட்டது. தம்பதி முதலிலேயே 99க்கு 1 என்று பங்கு வைத்து வாங்கினால் அதில் தவறில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஒருவர் முழு வீட்டையும் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டு, உடனே 1 விழுக்காட்டை ஏற்கெனவே வீடு வைத்திருக்கும் இன்னொருவருக்கு விற்பது. ஏபிஎஸ்டி எனும் கூடுதல் முத்திரை வரியை அந்த 1 விழுக்காட்டுக்கு மட்டும் கட்டிவிட்டு, இருவர் வருமானத்தையும் காட்டி வங்கிக் கடன் வாங்குவது. உள்நாட்டு வருவாய் ஆணையம் இந்த விற்பனைகளைத் தோண்டி எடுத்து, விட்டுப்போன வரியையும் அதன்மேல் 50 விழுக்காடு கூடுதலையும் வசூலித்திருக்கிறது. "என் முகவர் சொன்னார்" என்பது அங்கே செல்லாது.

1 விழுக்காடு என்பது சின்னதும் அல்ல. ஏபிஎஸ்டி கணக்கில் 1 விழுக்காடும் ஒரு முழு வீடுதான். அம்மாவின் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடி வீட்டில்) பாசத்துக்காக 1 விழுக்காடு வாங்கிய மகன், பிறகு மனைவியோடு 1,200,000 வெள்ளிக்கு வீடு வாங்கினால் அது அவருக்கு இரண்டாவது வீடு. 2023 ஏப்ரல் 27 முதல் சிங்கப்பூரருக்கு இரண்டாவது வீட்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 240,000 வெள்ளி. வங்கிக் கடனிலும் அவர் பெயர் இருந்தால், 1 விழுக்காடு பங்குக்கு முழுக்கடனுக்கும் பொறுப்பு.

## தனியுரிமை

இரண்டு வகைக் குடும்பங்கள் இதற்கு வருகின்றன. ஒன்று, வேறு வழியில்லாதவர்கள். கணவர் சிங்கப்பூரர், மனைவி திருச்சியிலிருந்து வந்து நீண்டகால வருகை அட்டையில் இருக்கிறார். வீவக வீட்டில் அவர் உரிமையாளராக முடியாது. குடியிருப்பவராக மட்டுமே பெயர் போடலாம். மற்றது, கணக்குப் போட்டு வருபவர்கள். மனைவி பெயரைக் குடியிருப்பவராக வைத்துவிட்டு, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (வழக்கமாக 5 வருடம்; வீவகவின் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு 10) முடிந்தபின் அவர் பெயரில் கொண்டோ வாங்குவது. அவருக்கு அது முதல் வீடு. சிங்கப்பூரர் என்றால் ஏபிஎஸ்டி இல்லை.

கணக்கு சரிதான். விலையையும் பாருங்கள். குடியிருப்பவருக்கு வீட்டில் துளி உரிமையும் இல்லை. அவருடைய மசேநிதிப் பணத்தை அந்த வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. முழுச் சுமையும் ஒருவர் தலையில். பின்னால் மனம் மாறி மனைவி பெயரைச் சேர்க்கலாம் என்றோ, இருவர் பெயரில் உள்ளதில் ஒருவரை எடுத்துவிடலாம் என்றோ நினைத்தால், வீவக வீட்டில் 2016 முதல் அதற்குக் கதவு குறுகல். திருமணம், மணமுறிவு, இறப்பு, பணக்கஷ்டம், மருத்துவக் காரணம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி. வரியை மிச்சம்பிடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இறந்தால் முழு வீடும் உயில் வழியே, இல்லாவிட்டால் சட்டப்படி பிரியும். அதைவிட அதிகம் கவனிக்கப்படாதது மறதி நோய். உரிமையாளருக்கு நினைவு தப்பிவிட்டால், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்பே நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருந்தாலொழிய, வீட்டை விற்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற இரண்டு முறையிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் இங்கே கையெழுத்துப் போட இரண்டாவது ஆளே இல்லை.

## ஒரு பார்வையில்

| கேள்வி | கூட்டுரிமை | பங்குரிமை | தனியுரிமை |
|---|---|---|---|
| ஒருவர் இறந்தால் | மற்றவருக்குத் தானாக | உயில் அல்லது வாரிசுச் சட்டம் | உயில் அல்லது வாரிசுச் சட்டம் |
| போட்ட பணம் பதிவில் தெரியுமா | தெரியாது | பங்காகத் தெரியும் | மற்றவர் போட்டது தெரியாது |
| அடுத்த வீட்டுக்கு ஏபிஎஸ்டி | எல்லாருக்கும் எண்ணிக்கையில் சேரும் | 1 விழுக்காடானாலும் சேரும் | உரிமையாளருக்கு மட்டும் |
| உயில் இல்லாவிட்டால் | வீட்டுக்குப் பெரிய பாதிப்பில்லை | சிக்கல் | பெருஞ்சிக்கல் |

மணமுறிவு ஏன் அட்டவணையில் இல்லை என்று கேட்பீர்கள். அதற்கு இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். மணவாழ்க்கையில் சேர்ந்த வீட்டை, முஸ்லிம் அல்லாதோரின் மணமுறிவுக்கான சட்டமான மாதர் சாசனத்தின்கீழ் நீதிமன்றம் நியாயம் பார்த்துப் பிரிக்கும். யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிற்காது. நேரடியாகப் பணம் போட்டவர், வீட்டைக் கவனித்துப் பிள்ளை வளர்த்தவர் இருவர் பங்களிப்பும் கணக்கில் வரும். "என் பெயரில்தானே இருக்கிறது" என்று நம்பி உட்கார வேண்டாம்.

## யாருக்கு எது?

முதல் திருமணம், சின்னப் பிள்ளைகள், ஒரே வீடு, அதில்தான் குடியிருப்பு என்றால் கூட்டுரிமை. யோசிக்கவே வேண்டாம். செங்காங் தம்பிக்கு அதைத்தான் சொன்னேன். அவர் அரை நிமிடத்தில் சொன்ன பதில் சரியாக அமைந்துவிட்டது.

வயதான பெற்றோர் பிள்ளைகளில் ஒருவரோடு வீடு வைத்திருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆசை என்றால் பங்குரிமையும் உயிலும். இரண்டில் ஒன்று போதாது. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வாங்கினாலும் அதேதான். மறுமணத்துக்கும் நான் பங்குரிமை பக்கமே சாய்வேன்.

சிங்கப்பூரரும் இந்தியக் குடியுரிமை உள்ள மனைவியும் வீவக வீடு வாங்கினால் தனியுரிமை, கூடவே அன்றே உயில். கொண்டோ என்றால் இருவர் பெயரிலும் வாங்கலாம். இங்கே இருவருக்கும் வேறு வீடு இல்லாவிட்டால், தம்பதி சேர்ந்து வாங்கும் முதல் வீட்டுக்கு ஏபிஎஸ்டி விலக்கு உண்டு. இது தெரியாமல் வெளிநாட்டவருக்கு 60 விழுக்காடு என்று பயந்து தனிப்பெயரில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வீட்டுத் திட்டம் உறுதியாக இருந்து, ஒருவர் சம்பளமே முதல் வீட்டைத் தாங்கும் என்றால் தனியுரிமை பலன் தரும். "என்றாவது வாங்குவோம்" என்ற அளவில் இருந்தால் அதற்காக மனைவியை உரிமை இல்லாதவராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## ஏற்கெனவே போட்டாயிற்று என்றால்

இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டுரிமையைப் பங்குரிமையாக மாற்ற வழக்கறிஞர் வழியே விண்ணப்பிக்கலாம். வீவக வீடென்றால் வீவகவின் நடைமுறையும் சேரும். மற்றவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவர் மட்டும் அறிவிப்புப் பத்திரம் எழுதி, அதன் பிரதியை மற்றவருக்கு முறைப்படி சேர்ப்பித்து, நில ஆணையத்தில் பதிவு செய்யலாம். அப்படி முறித்தால் பங்குகள் சமமாகும். யார் அதிகப் பணம் போட்டார் என்று அந்தப் பத்திரம் பார்க்காது. உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

சிராங்கூன் பக்கம் தரை வீட்டில் இருந்த ஒரு பாட்டி இதைச் செய்தார். மகனோடு கூட்டுரிமை; இரண்டு மகள்களுக்கும் ஏதாவது வைக்க வேண்டும் என்று பிடிவாதம். மகனிடம் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். மகன் இருந்தது அதே வீட்டில், அடுத்த அறையில். தபால்காரர் வந்து மணியடித்தபோது கதவைத் திறந்தவர் பாட்டிதான். "அவனைக் கூப்பிடுகிறேன், அவன்தான் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினாராம்.